பேரனின் கேள்வியும் ஒரு சிட்டிகை உப்பும்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வீடு சந்தைக்கடையாகிவிடும். நமுனுகுல மலையின் சரிவில், பசறையிலிருந்து மலையேறி வரும் பாதையோரத்தில் இருக்கிறது அந்த வீடு. முன்பக்கம் வாப்பா காலத்துக் கடை, பின்பக்கம் நாங்கள். கடையை இப்போது என் மகன் பார்த்துக்கொள்கிறார். கொஞ்சம் தேயிலையும் வைத்திருக்கிறார். நான் முப்பத்தெட்டு வருடம் விஞ்ஞான ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். பேரப்பிள்ளைகள் வந்தால் மறுபடியும் வகுப்பறைதான்.

நமுனுகுல என்ற சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலை. மேகம் இறங்கி மழை பிடித்துக்கொண்டால் அந்த ஒன்பதில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளும் வெளியே இறங்க முடியாது. அப்படி ஒரு மழை நாளில்தான் இந்த விவாதம் தொடங்கியது.

மகனின் மூத்த பிள்ளை பத்தாம் வகுப்பு. விடுமுறை முடிந்ததும் பாடசாலையில் விவாதப் போட்டி. தலைப்பு, "மனித குலத்துக்கு அதிகம் உதவிய விஞ்ஞானி யார்?" ஒவ்வொருவரும் ஒரு விஞ்ஞானியைத் தெரிவுசெய்து அவருக்காக வாதாட வேண்டுமாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு எப்போதாவது எழுந்திருக்கும். எங்கள் வீட்டில் எழுந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பேரனுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. "இப்னுல் ஹைதம்தான் வாப்பும்மா!" என்றான். பஸ்ராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பிறந்து கெய்ரோவில் மறைந்தவர். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பல அறிஞர்கள் நம்பியிருந்த காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்வை உண்டாகிறது என்று பரிசோதனைகளோடு எடுத்துக் காட்டியவர். அவருடைய ஒளியியல் நூல் இலத்தீனுக்குப் போய், ஐரோப்பிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள். "கமரா, மூக்குக் கண்ணாடி, எல்லாத்துக்கும் அவர்தான் ஆரம்பம். எங்கட ஆள்!" என்று முடித்தான். அந்த "எங்கட ஆள்" என்பதில் சற்று அழுத்தம் கூடுதலாகவே இருந்தது.

மகளின் பிள்ளை விடவில்லை. அவள் எட்டாம் வகுப்பு. அவளுடைய ஆள் எட்வர்ட் ஜென்னர். 1796இல் ஒரு பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அம்மைப்பால் குத்தியவர். "எங்கட நாட்டுக்கே அது 1802இல வந்துட்டு. 1980இல பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவிச்சிட்டாங்க. இருபதாம் நூற்றாண்டில மட்டும் அந்த நோயால முப்பது கோடிப் பேர் மௌத்தாகியிருக்காங்க என்று கணக்கு. கமரா இல்லாமலும் ஆள் உயிரோட இருக்கலாம்தானே?" என்று மடக்கினாள்.

அவன் சும்மா இருப்பானா? "ஜென்னருக்கு முந்தியே இஸ்தான்புல்லில அம்மை குத்துற பழக்கம் இருந்தது. அங்க இருந்த இங்கிலாந்துத் தூதுவர்ட மனைவி, மேரி மொண்டேகு என்ற பெண்தான் அதைப் பார்த்து 1721இல இங்கிலாந்துக்குக் கொண்டு போனது. அதுவும் எங்கட ஆக்கள்ட வேலைதான்" என்றான். படித்திருக்கிறான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

கடையைச் சாத்திவிட்டு வந்த மகனும் வந்து குந்திக்கொண்டார். அவருடைய தெரிவு எனக்கே புதிது. "ஃபிரிட்ஸ் ஹேபர்" என்றார். காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்கலாம் என்று 1909இல் செய்து காட்டிய ஜெர்மானியர். யூரியா முதலான நைதரசன் பசளைகளுக்கெல்லாம் அதுவே அடிப்படை. இன்று உலகில் உண்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சோறு அந்தப் பசளையால் விளைந்தது என்று மதிப்பிடுகிறார்கள். "2021இல இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தப்ப எங்கட தேயிலை எப்படி மஞ்சளாப் போனது என்று நீங்க எல்லாரும் பார்த்தீங்கதானே? அந்த வருஷம் முடியிறதுக்குள்ளயே தடையை எடுக்க வேண்டி வந்தது. அப்பத்தான் எனக்கு ஹேபர்ட பெறுமதி விளங்கினது" என்றார்.

"ஆனா அவர்தானே முதலாம் உலக யுத்தத்தில விஷவாயு அடிச்சவர்?" என்று பேத்தி கேட்டாள். அதுவும் உண்மைதான். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தியவர் அதே ஹேபர். கோடிக்கணக்கானோருக்குச் சோறு போட்ட அறிவும், பதுங்குகுழியில் கிடந்தவர்களின் மூச்சை அடைத்த அறிவும் ஒரே தலைக்குள் இருந்தன. மகன் பேசாமல் தேத்தண்ணீரைக் குடித்தார்.

கடைக்குட்டி மட்டும் எடிசன் என்றான். காரணம் கேட்டால், "கரண்ட் இல்லாட்டி டீவி இல்லை" என்றான். எல்லாரும் சிரித்தோம்.

சத்தம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பேரன் என் பக்கம் திரும்பினான். "வாப்பும்மா, நீங்கதானே சயன்ஸ் டீச்சர். நீங்க சொல்லுங்க, யாரு பெரிய ஆள்?"

வாசகர்களே, எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு விடை இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் ஐம்பது வருடங்களுக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் பிள்ளைகளுக்குக்கூட அது முழுதாகத் தெரியாது. மழை விடுவதாக இல்லை. சொல்லிவிட்டேன்.

1968ஆம் ஆண்டு, செப்டெம்பர் மாதம். எனக்குப் பத்து வயது. எனக்குக் கீழே ஒரு தம்பி இருந்தான். மூன்று வயது. கடை மேசையில் ஏறி நின்றுகொண்டு, வருகிற தோட்டத்து ஆட்களிடமெல்லாம் "என்ன வேணும்?" என்று கேட்பான். அவனுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

ஒரு நாள் விடியற்காலையில் அவனுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. பகலில் வாந்தியும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வயிற்றோட்டம் என்றால் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இன்னும் போகும். வயிற்றைக் காயப்போட வேண்டும். பெரியவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆங்கில வைத்தியம் படித்தவர்கள் பலரும் அந்நாளில் குடலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னவர்கள்தாம். கேட்பதற்கு அது நியாயமாகவும் இருந்தது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவார்களா?

உம்மா கைக்குழந்தையோடு இருந்தார். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. "தண்ணி மட்டும் குடுத்திராதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பின்னேரமாகும்போது அவனுடைய கண்கள் உள்ளே போய்விட்டன. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. "ராத்தா, தண்ணி" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கோப்பையை எடுத்து, அவன் கண்ணுக்குத் தெரியாதபடி அலுமாரிக்கு மேலே வைத்தேன். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன். சொன்ன சொல்லைக் கேட்கிற நல்ல பிள்ளை நான்.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். அன்று பின்னேரம் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு கிழவி கடைக்கு வந்திருந்தார். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்தவர். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மொதலாளியம்மா, அரிசிக் கஞ்சித் தண்ணியில உப்பப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்கம்மா. நா எத்தன புள்ளைக்குக் குடுத்திருக்கேன்" என்றார். அங்கே இருந்த பெரியவர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் சிரித்தார். தோட்டத்தில் கடன் புத்தகத்துக்குக் கைநாட்டு வைக்கிற கிழவி நமக்கு வைத்தியம் சொல்வதா என்ற எண்ணம்தான், வேறென்ன?

இருட்டிய பிறகு தோட்டத்து லொறி ஒன்று கிடைத்தது. வாப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் புறப்பட்டார். வளைவும் நெளிவுமான மலைப்பாதை. பாதி வழியிலேயே லொறி திரும்பி வந்துவிட்டது. வாப்பா இறங்கியபோது, பிள்ளையைப் போர்த்தியிருந்த சாரனால் அவன் முகமும் மூடியிருந்தது.

உம்மா கடைசிவரை "அல்லாஹ்வின் நாட்டம்" என்று பொறுமையாக இருந்தார். நானும் அதை நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கோப்பையை அலுமாரிக்கு மேலே வைத்த கை என்னுடையது.

இந்த இடத்தில் நான் நிறுத்தினேன். பிள்ளைகள் பேசவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பேத்திதான் மெல்லக் கேட்டாள். "உம்மும்மா, அந்த நேரம் அதுக்கு மருந்தே இருக்கலையா?"

இருந்தது. அதுதான் என் மனதை அறுக்கும் விடயம். தம்பி மௌத்தாவதற்கு முந்திய மாதம், 1968 ஆகஸ்டில், லண்டனிலிருந்து வெளிவரும் "லான்செற்" மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த டாக்காவில், கொலரா ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் டொக்டர்கள் இருவர், கொலரா பிடித்தவர்களுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை வாயாலேயே கொடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவையும் அளந்து, அதற்கு ஈடாகக் குடிக்கக் கொடுத்தார்கள். ஊசி வழியாக ஏற்றும் சேலைனின் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறைந்துபோனது. டாக்காவிலிருந்து லண்டனுக்குப் போன அந்தச் செய்தி நமுனுகுலவுக்கு வந்து சேரவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை என் மாணவர்களுக்குச் சொன்னது போலவே உங்களுக்கும் சொல்கிறேன். வயிற்றோட்டத்தின்போது குடல் தண்ணீரையும் உப்பையும் வெளியே கொட்டுகிறது. வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் அதைச் சரிவர உறிஞ்சாது. ஆனால் குடலின் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்து வந்தால் அந்தக் கதவு திறக்கும். இரண்டும் உள்ளே போக, தண்ணீரும் பின்னாலேயே போகும். கொலராவால்கூட அந்தக் கதவை அடைக்க முடியாது. இந்த உண்மையை 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் எடுத்துச் சொன்னவர் ரொபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் வயிற்றோட்டத்துக்கு மருந்து தேடியவர் அல்லர். குடல் எப்படிச் சீனியை உறிஞ்சுகிறது என்பதை அறிய விரும்பியவர்.

"அப்ப ரொபர்ட் கிரேன்தான் பெரிய ஆள்" என்றான் பேரன், பேனாவை எடுத்துக்கொண்டு.

பொறு மகன் என்றேன். 1971இல் பங்களாதேஷ் விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். போங்கான் என்ற ஊரின் முகாமில் கொலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். சேலைன் தீர்ந்துகொண்டே வந்தது. கல்கத்தாவிலிருந்து வந்திருந்த திலீப் மஹாலனாபிஸ் என்ற டொக்டர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. இதைப் பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். கோப்பையால் ஊட்டும் வேலையை நோயாளிகளின் தாய்மாரிடமும் உறவினரிடமும் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்தத் தண்ணீர் கிடைத்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அவர் 2022இல் காலமானார். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

"அப்ப அவர்தான்!" என்றாள் பேத்தி.

இன்னும் பொறு என்றேன். ஆஸ்பத்திரியில் உயிர் காத்தாயிற்று. ஆஸ்பத்திரியே இல்லாத கிராமத்தில்? பங்களாதேஷில் ஃபஸ்லே ஹஸன் ஆபித் தொடங்கிய பிராக் என்ற நிறுவனம், 1980இலிருந்து பத்து வருடங்களில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கதவைத் தட்டியது. போனவர்கள் கிராமத்துப் பெண்கள். அளவுக் கருவி எதுவும் கிடையாது. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இவ்வளவுதான் பாடம். பாடம் நடத்தியதற்காக அந்தப் பெண்களுக்குச் சம்பளம் இல்லை. பிறகு வேறொருவர் போய்ச் சோதித்துப் பார்க்கும்போது, தாய்மாருக்குப் பாடம் எவ்வளவு மனதில் நின்றிருக்கிறதோ அதைப் பொறுத்தே சம்பளம். ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு அப்படி ஒரு விதி வைத்திருந்தால் பலர் பட்டினிதான்!

அந்தத் தண்ணீரால் இதுவரை உலகில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்பட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். எங்கள் நாட்டில் அதற்கு ஜீவனி என்று பெயர். அந்தப் பக்கற்றை நான் முதன்முதலில் கையில் எடுத்தது 1986இல். என் மகளுக்கு இரண்டு வயது. வயிற்றோட்டம். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டினேன். ஊட்டும்போது என் கை நடுங்கியது. மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கற் கேட்டாள். நான் குசினிக்குள் போய் அழுதேன். அன்று உம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

சரி, நான் யாரைப் பெரியவர் என்று சொன்னேன்? பேரனுக்கு நான் சொன்ன விடை இதுதான். "ஒரு பெயரைச் சொல்ல எனக்கு முடியாது மகன். கண்டுபிடித்தவர் பாதி தூரம் நடக்கிறார். மீதிப் பாதையை நடந்து அதை ஒரு பிள்ளையின் வாய்வரை கொண்டு போகிறவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு சரியாகும்."

பேரனின் முகம் வாடிவிட்டது. "அப்ப இப்னுல் ஹைதம் பெரிய ஆள் இல்லையா?" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. நம்மில் பலருக்குள் இருக்கும் கேள்வியும் அதுதான்.

இப்னுன் நபீஸின் கதையை அவனுக்குச் சொன்னேன். திமிஷ்கில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்தவர். இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்து இடப்பக்கம் திரும்புகிறது என்று 1242இல் எழுதி வைத்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட இப்னு சீனாவின் கருத்தையே திருத்தி எழுதினார். ஆனால் அந்த ஏட்டுக்கு என்ன நடந்தது? பெர்லின் நூலகத்தில் அதன் ஒரு பிரதி உறங்கிக் கிடந்தது. 1924இல் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய டொக்டர் அதைக் கண்டெடுத்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஏறத்தாழ 680 வருடங்கள்! இப்னுன் நபீஸ் எழுதியது சரிதான். அதை எடுத்து நடக்கத்தான் ஆட்கள் இல்லாமல் போனார்கள்.

"எங்கட ஆள்" என்று மார்தட்டுவதில் தவறில்லை. ஆனால் இப்னுல் ஹைதம் எதற்காகப் பெரியவர்? முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக எதையும் அப்படியே ஏற்காமல், சோதித்துப் பார்த்து ஏற்றதற்காக. 1968இல் எங்கள் வீட்டில் அந்தக் குணம் ஒரு துளி இருந்திருந்தால்? கஞ்சித் தண்ணீர் சொன்ன கிழவி யார் என்று பாராமல், அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்திருந்தால்? அரிசியிலுள்ள மாச்சத்து குடலில் குளுக்கோசாக மாறுகிறது. உப்பிட்ட கஞ்சி அதே கதவைத்தான் தட்டுகிறது. பின்னாளில் டாக்காவிலும் வேறு இடங்களிலும் அரிசிக் கஞ்சியைக் கொண்டு செய்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கிழவிகள் சொன்னதெல்லாம் சரியென்று நான் சொல்ல வரவில்லை. "தண்ணீர் கொடுக்காதே" என்று சொன்னவர்களும் நம் வீட்டுப் பெரியவர்கள்தாமே! எது சரி, எது பிழை என்று அளந்து, எண்ணி, எழுதிக் காட்டியது விஞ்ஞானம். அந்த அளவுகோல் இல்லாவிட்டால் கஞ்சி சொன்ன வாயும், காயப்போடு என்று சொன்ன வாயும் நமக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால்தான் விஞ்ஞானிகளை நாம் மதிக்கிறோம்.

விடுமுறை முடிந்து பேரன் போனான். போட்டியில் அவன் இப்னுல் ஹைதத்தையும் பேசவில்லை, ஜென்னரையும் பேசவில்லை. கிரேனில் தொடங்கி, பங்களாதேஷின் கிராமத்துப் பெண்களில் வந்து முடித்திருக்கிறான். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஒரே ஒரு விஞ்ஞானியின் பெயரைச் சொல்லும்படி கேட்டதற்கு அவன் பலரைச் சொல்லிவிட்டான் என்று நடுவர்கள் புள்ளியைக் குறைத்துவிட்டார்களாம். விதிப்படி அது சரிதான். எனக்கு வருத்தமில்லை. போட்டி முடிந்து வந்தவன் தொலைபேசியில், "வாப்பும்மா, கடைசியா உங்கட தம்பியப் பத்தியும் சொன்னேன்" என்றான். அதற்குப் பிறகு நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

அன்பான வாசகர்களே! பழைய கதையை ஏன் இப்போது கிளறுகிறேன் என்று நினைப்பீர்கள். கதை பழையதாகிவிடவில்லை. உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நாலு இலட்சத்துக்கும் மேல் வயிற்றோட்டத்தால் மரணிக்கிறார்கள். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளில் பாதிப் பேருக்குக்கூட அந்தத் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. நம் குடும்பங்களிலும் "பால் கொடுக்காதே, தண்ணீர் கொடுக்காதே" என்ற குரல் முற்றாக ஓய்ந்துவிட்டதா? உங்கள் மருமகளிடம், பக்கத்து வீட்டு இளம் தாயிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஜீவனி இரண்டு பக்கற் எப்போதும் இருக்கட்டும். பக்கற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். பாதியாகப் பிரிக்க வேண்டாம். பக்கற் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து போட்டுக் கரையுங்கள். உப்பு கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடினால் அது கெடுதி. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஊட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், உணவையும் நிறுத்த வேண்டாம். இந்தத் தண்ணீர் உடனே வயிற்றோட்டத்தை நிறுத்தாது. போன தண்ணீரை ஈடுசெய்து பிள்ளையைக் காக்கும். இது விளங்காததால்தான் பல தாய்மார் பாதியில் கைவிட்டு விடுகிறார்கள். 2004இலிருந்து உலக சுகாதார நிறுவனம் பத்துப் பதினான்கு நாட்களுக்கு சிங்க் மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறது. டொக்டரிடம் கேளுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து மயங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போகும் வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்கள்.

ஓர் உயிரைக் காப்பதைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கிரேன் 1960இல் தொடங்கிய பாதையின் கடைசி அடி உங்கள் வீட்டுக் குசினியில்தான் இருக்கிறது. அதை நீங்கள்தான் நடக்க வேண்டும்.

அந்தப் பழைய அலுமாரி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் மேல் நான் எதையும் வைப்பதில்லை. ஜீவனிப் பக்கற்றுகளைக் கீழ்த்தட்டில், பேரப்பிள்ளைகளின் கைக்கும் எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.